ஏப்ரல் 20 என்றுதான் போட்டிருந்தது

தோட்டம் போட ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஒரே இரவில் 22 தக்காளி நாற்றுகளைப் பறிகொடுத்தேன். ஜன்னலோரம் விதை போட்டு, ஏழு வாரம் வெளிச்சம் பார்த்து, தண்ணீர் பார்த்து வளர்த்தவை. எங்கள் பகுதியின் கடைசி உறைபனி நாள் ஏப்ரல் 20 என்று அட்டவணையில் போட்டிருந்தது. நான் ஒன்றும் அவசரக்காரன் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள இன்னும் நான்கு நாள் பொறுத்து, 24-ஆம் தேதி நட்டேன். மே 2 காலையில் போய்ப் பார்த்தால், வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல எல்லா இலையும் கரும்பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் ஈரம். வெயில் ஏற ஏறக் கறுத்து, மதியத்துக்குள் சுருண்டுவிட்டது.

நாற்று செத்தது ஒரு வருத்தம் என்றால், அன்றைய வானிலைக் குறிப்பு பெரிய குழப்பம். பக்கத்து வானிலை நிலையத்தில் அந்த இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ். பூஜ்யத்தையே தொடவில்லை. அட்டவணை சொன்ன தேதியும் தாண்டியாயிற்று, நிலையத்துக் கணக்கில் உறைபனியும் இல்லை. அப்புறம் என் பாத்தியில் மட்டும் எப்படி உறைந்தது?

முதலில் அந்த ஏப்ரல் 20. நான் அதை ஒரு எல்லைக்கோடு என்று நினைத்திருந்தேன், அதைத் தாண்டினால் பனி இல்லை என்று. அட்டவணைகளில் வெறுமனே ஒரு தேதி போட்டிருந்தால் அது பெரும்பாலும் நடுத் தேதி. பாதி வருடங்களில் கடைசி உறைபனி அதற்கு முன்னால் முடிந்திருக்கும், மீதிப் பாதியில் அதற்குப் பிறகும் வந்திருக்கும். அந்தத் தேதியில் நட்டால் பூவா தலையா போட்டு நட்டதற்குச் சமம். நல்ல அட்டவணைகளில் 50 சதவீதத் தேதிக்குப் பக்கத்திலேயே 10 சதவீதத் தேதியும் இருக்கும், அதாவது பத்தில் ஒரு வருடம் மட்டுமே அதற்குப் பிறகும் பனி வரும் என்ற நாள். நான் பார்த்ததில் அது இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சரி, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. நிலையத்தின் தினசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 30 வருடத்துக்கு வேண்டும். உலக வானிலை அமைப்பு சராசரிகளுக்கு வைத்திருக்கும் கால அளவும் 30 வருடம்தான், இப்போது நடப்பில் இருப்பது 1991–2020. ஒவ்வொரு வருடத்திலும் வசந்த காலத்தில் பூஜ்யமோ அதற்குக் கீழோ போன கடைசி நாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். தேதியாக வைத்துக்கொண்டால் வரிசைப்படுத்தத் தடுமாறும், அதனால் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணாக மாற்றினேன். ஏப்ரல் 20 என்றால் 110, மே 6 என்றால் 126. லீப் வருடத்தில் ஒன்று கூடும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பிறகு பிந்தியதிலிருந்து முந்தியது வரை அடுக்கினால் 30 எண்கள். நடுவில் நின்றது 110. அட்டவணைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து மூன்றாவதாக நின்றது 126. 30 வருடத்தில் இரண்டே முறைதான் மே 6-க்குப் பிறகும் பனி வந்திருக்கிறது. பத்து சதவீத ஆபத்துக்கு மேல் வேண்டாம் என்றால் பார்க்க வேண்டியது இந்தத் தேதி. இரண்டுக்கும் 16 நாள் இடைவெளி, அதற்குள்தான் என் 22 நாற்றும் போயிற்று.

பத்து வருடக் கணக்கே போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கடைசிப் பத்து வருடத்தைத் தனியாகப் போட்டும் பார்த்தேன். நடுத் தேதி சற்று முன்னால் வந்தது, சந்தோஷமாக இருந்தது. ஆனால் பத்தே எண்கள் இருக்கும்போது ஒரே ஒரு மோசமான வருடம் 10 சதவீதத் தேதியைத் தூக்கி எங்கேயோ வைத்துவிடும். அந்தக் கணக்கை வைத்து நடவில்லை.

இதெல்லாம் பூமியின் வட பாதியில் வசந்த காலத்துக்கான கணக்கு. தென்பாதியில் இருப்பவர்கள் இதே வேலையை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் எண்களோடு செய்ய வேண்டும். நடுவில் ஒரு எச்சரிக்கை: தாவரத் தாங்குதிறன் மண்டலம் என்று ஒரு வரைபடம் உண்டு, அமெரிக்க வேளாண் துறையினுடையது பிரபலம். அதைப் பார்த்து நடவுத் தேதி முடிவு செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மண்டல எண் சொல்வது குளிர்காலத்தின் மிகக் கடுமையான இரவு சராசரியாக எவ்வளவு தூரம் கீழே போகும் என்பதை. பல வருடம் நிற்கும் மரமும் புதரும் பிழைக்குமா என்று பார்க்க உதவும். வசந்தத்தில் பனி எப்போது ஓயும் என்பதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஒரே மண்டல எண் கொண்ட இரண்டு ஊர்களுக்கு நடவுத் தேதி ஒரு மாதம்கூட வித்தியாசப்படலாம்.

இனி அந்த 2 டிகிரி. இதற்குப் பதில் கிடைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை இஷ்டத்துக்கு எங்கேயும் வைப்பதில்லை. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நேரடி வெயில் படாத கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. அது அளப்பது என் நெஞ்சு உயரத்துக் காற்றை. தக்காளி நாற்று நிற்பதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரையும் இலையும் தங்கள் சூட்டை வானத்தை நோக்கி வீசிவிட்டுக் குளிர்ந்துபோகும், பக்கத்தில் இருக்கும் காற்றைவிட அதிகமாகவே. 1814-இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் தோட்டத்தில் கம்பளி மயிர்க் கற்றைகளை வைத்து, அவை எவ்வளவு பனிநீரை உறிஞ்சுகின்றன என்று எடைபோட்டுப் பார்த்து இதை விளக்கியிருக்கிறார். மேலே மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேல்காற்று வந்து கலந்துவிடும். இரண்டும் இல்லாத இரவில் நிலையம் 2 என்று காட்டும்போது நாற்றின் இலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருப்பது சாதாரண சங்கதி.

தமிழில் நமக்கு எல்லாமே பனி. புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து உதிர்வதும் பனி. ஆனால் முன்பனி, பின்பனி என்று இரவின் முற்பகுதிப் பனியையும் பிற்பகுதிப் பனியையும் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிப்பு இங்கே உதவியது. நாற்றைக் கொல்வது பின்பனி. இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகப் படுக்கப் போனால் ஏமாந்துவிடுவோம். தரை விடிய விடியச் சூட்டை இழந்துகொண்டேதான் இருக்கிறது, வெப்பநிலை அடிமட்டத்தைத் தொடுவது சூரியன் எழும் வேளையில்.

ஆக, நிலையத்துக்கும் என் பாத்திக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிந்தாக வேண்டும். அதை எந்த அட்டவணையும் சொல்லாது. குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் நினைவில் வைத்திருக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1780-களில் செய்த ‘யூ’ வடிவக் குழாய்தான் இந்த வகையின் முன்னோடி, இப்போது டிஜிட்டலிலும் கிடைக்கிறது. ஒரு குச்சியில் கட்டி, நாற்றின் உயரத்தில், சுவரையும் வேலியையும் விட்டுத் தள்ளி நட்டேன். மேலே வெயில் மறைக்க ஒரு சின்னப் பலகை. தினமும் காலையில் குறைந்தபட்சத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் நிலையத்தின் எண்ணையும் எழுதிவந்தேன்.

இதில் ஒரு தப்பு செய்தேன். ஒரு மாதம் எழுதிய எல்லா இரவுகளையும் கூட்டி வகுத்தேன். வித்தியாசம் ஒரு டிகிரிகூட வரவில்லை. அப்படியானால் மே 2-ஐ எப்படி விளக்குவது? நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான் உறைத்தது. மேகமும் காற்றும் இருந்த இரவுகளில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்று. தெளிந்த, அமைதியான இரவுகளை மட்டும் தனியே பிரித்தால் என் பாத்தி சராசரியாக இரண்டரை டிகிரி கீழே. உறைபனி வருவது பெரும்பாலும் அந்த மாதிரி இரவுகளில்தானே? மற்ற இரவுகளைச் சேர்த்தால் பொய்யான தைரியம்தான் வரும். அதனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: வெப்பநிலைக்குப் பக்கத்தில் ‘தெளிவு’, ‘மேகம்’, ‘காற்று’ என்று ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். அது இல்லாத நோட்டு பாதி நோட்டு.

இரண்டரை டிகிரி கிடைத்ததும் அந்த 30 வருடக் கணக்கை மறுபடி போட்டேன். இந்தத் தடவை பூஜ்யத்துக்குப் பதில், நிலையத்தில் 2.5-ஓ அதற்குக் கீழோ காட்டிய கடைசி நாளை எடுத்தேன். நடுத் தேதி மே 3-க்கு நகர்ந்தது. 10 சதவீதத் தேதி மே 17. மேகமூட்டமான சில இரவுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும், அதனால் ஓரிரு நாள் அதிக எச்சரிக்கையாக இருக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொரு விஷயம், மிக அருகில் இருக்கும் நிலையம்தான் பொருத்தமான நிலையம் என்றில்லை. கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் நிலையம் இரவில் சூடாகவே காட்டும். உயரம் கூடினால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொது விதியை வைத்து ஈடுகட்டலாம் என்று நானும் முயன்றேன். தெளிந்த இரவில் அது தலைகீழாகப் போகும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார், அடியில் இருப்பவருக்கு அடி.

இது ஊர் அளவில் மட்டும் இல்லை, ஒரு தோட்டத்துக்குள்ளேயே நடக்கும். இதை எனக்குக் காட்டியவர் அடுத்த தோட்டத்துப் பெரியவர். நான் எண்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “வெள்ளை எங்கே முதலில் விழுது, எங்கே கடைசியில் கரையுதுன்னு விடியக்காலையில என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. அடுத்த பனிக்காலையில் சூரியன் எழுமுன் போய் நின்றேன். வீட்டுச் சுவரையொட்டி இரண்டடிக்கு புல் பச்சையாகவே இருந்தது. மரத்தின் கிளைக்குக் கீழே ஒரு வட்டம், அங்கேயும் வெள்ளை இல்லை. கிளைகள் வானத்தை மறைத்திருந்தன. சரிவின் அடியில், வேலிச்செடி அடர்ந்து நிற்கும் மூலையில் உப்பைக் கொட்டியதுபோல வெள்ளை. சரிந்து வந்த குளிர்காற்றுக்கு அந்த வேலி அணை கட்டியிருந்தது. என் 22 தக்காளியையும் அங்கேதான் நட்டிருந்தேன், மதிய வெயில் நன்றாக விழுகிறது என்று.

வெள்ளையின் ஓரத்தில் அங்கங்கே கல் வைத்து அடையாளம் செய்தேன். அடுத்தடுத்த பனிகளில் பார்த்தால் ஏறக்குறைய அதே கோடு. இப்போது சுவரோரத்துக்கு ஒரு தேதி, நடுவுக்கு ஒரு தேதி, அந்த மூலைக்கு ஒரு தேதி வைத்திருக்கிறேன். வேலியின் அடிக்கிளைகளைக் கொஞ்சம் கழித்து, காற்று கீழே வெளியேற வழி விட்டதும் மூலை சற்றுப் பரவாயில்லை.

மூடாக்கு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது என்று நினைத்து நானே செய்த கெடுதல் அது. நட்ட அன்றே குளிர் தாங்கட்டும் என்று நாற்றைச் சுற்றி வைக்கோலைத் தடிமனாகப் பரப்பியிருந்தேன். வைக்கோல் மண்ணின் சூட்டை மண்ணுக்குள்ளேயே பூட்டிவிடும். வேருக்கு நல்லது, ஆனால் பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே வந்தால்தானே இலைக்கு உதவும்? வெறும் மண், அதுவும் ஈரமான மண், சூட்டை அதிகமாகச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல விடும். இப்போது பனி பயம் தீர்ந்த பிறகுதான் வைக்கோல் போடுகிறேன். பனி வரும் என்று தெரிந்தால் பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிடுவேன்.

தேதி கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே தேதி இல்லை. பட்டாணி, பசலை, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கும், அவற்றை மே 17 வரை காக்க வைப்பது வீண். மண் 5 டிகிரி தாண்டினால் பட்டாணி முளைக்கத் தொடங்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, அவரை, வெள்ளரி, பூசணி இவற்றுக்குத்தான் 10 சதவீதத் தேதி. திருநீற்றுப்பச்சிலை இன்னும் கோழை, உறையவே வேண்டாம், 4, 5 டிகிரியிலேயே இலை கறுத்துப்போகும். அவரை விதைக்கு உறைபனி நாளைவிட மண் முக்கியம். காலையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் விதைப்பதில்லை. பனி இல்லாமலே குளிர்ந்த மண்ணில் கிடந்து அழுகிய அவரை நிறைய.

நாற்றுக்கான விதையைப் போடும் நாளும் இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம், மிளகாய்க்கு எட்டு முதல் பத்து, வெள்ளரிக்கும் பூசணிக்கும் மூன்று வாரம் போதும். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் வெளியில் வைத்துப் பழக்குவதையும் அதற்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஏப்ரல் 20-ஐ வைத்து எண்ணியதால் மே மாதத்தில் என் ஜன்னலோரம் நெட்டையாக வளைந்த நாற்றுகளின் கூட்டமாக இருக்கும். அவற்றைப் பார்க்கப் பார்க்க, நட்டுவிடலாமா என்று கை அரிக்கும். தேதியைத் தள்ளினால் விதையையும் தள்ள வேண்டும். நாற்று தயாராகிவிட்டது என்பது நடுவதற்குக் காரணமே இல்லை.

10 சதவீதம் என்றால் பத்தில் ஒரு வருடம் மாட்டுவோம் என்றும் அர்த்தம். அதனால் நட்ட பிறகும் மூன்று வாரம் மாலையில் வானத்தைப் பார்க்கிறேன். சூரியன் மறையும்போது மேகமில்லை, இலை அசையவில்லை என்றால் அன்றைய பனிப்புள்ளியைப் பார்ப்பேன், வானிலை அறிக்கையில் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. பனிப்புள்ளி 7, 8 என்றால் கொஞ்சம் நிம்மதி, ஏனென்றால் ஈரம் துளியாகும்போது வெளிவிடும் சூடு குளிர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருந்தால் தடுக்க ஒன்றுமில்லை. மிக வறண்ட காற்றில் வெள்ளையே படியாமல் செடி உறைந்து கறுக்கும். வெள்ளை இல்லையே என்று அப்போதும் ஏமாறலாம்.

மூடுவது என்று முடிவானால் பொழுது சாயும்போதே மூட வேண்டும், மண்ணின் சூடு போன பிறகு மூடிப் பயனில்லை. பழைய படுக்கை விரிப்பு, மெல்லிய துணி எதுவானாலும் சரி, தரைவரை தொங்கி ஓரம் அமுங்கியிருக்க வேண்டும். செடியின் கழுத்தில் கட்டி மிட்டாய்ப் பொட்டலம்போல விடுவதைப் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து வரும் சூடு உள்ளே போகவே வழியில்லை, காட்சிக்குத்தான் அது. பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் குச்சி நட்டு இலையில் படாமல் தூக்கி வையுங்கள், பட்ட இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பழத்தோட்டங்களில் இரவு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவது உண்மைதான், ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி சூடு வெளிவரும். ஆனால் நடுவில் நிறுத்தினால் தெளிக்காமல் இருந்ததைவிட மோசமாகும். வீட்டுத் தோட்டத்தில் நள்ளிரவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைக்கு நான் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் கணக்கு அப்படியே திரும்பும். முதல் உறைபனி நாள்களை முந்தியதிலிருந்து அடுக்கி மூன்றாவதை எடுக்க வேண்டும். என் பாத்திக்கு அது செப்டம்பர் 25. விதைப் பொட்டலத்தில் 60 நாள் என்று போட்ட அவரைக்கு, பகல் குறைவதால் வளர்ச்சி மெதுவாகும் என்று இரண்டு வாரம் கூட்டி 74 நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 13. அதற்குப் பிறகு விதைத்தால் பூ பார்க்கலாம், காய் சந்தேகம். அந்த முதல் பனி வரும்போது பதற வேண்டியதில்லை. பல வருடங்களில் ஒரே ஒரு குளிர் இரவு வந்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று வாரம் நல்ல வெயில் அடித்திருக்கிறது. அந்த ஒரு இரவு விரிப்பைப் போட்டு மூடினால் மீதிப் பச்சைக்காயும் பழுத்துவிடும்.

சரிவின் அடி மூலையில் இப்போது பட்டாணி போட்டிருக்கிறேன். போன வாரம் வெள்ளை விழுந்த காலையில் போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் விறைத்து, தொட்டால் முறுகுகிற மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்குத் திரும்பப் போனபோது நிமிர்ந்து நின்றது. நோட்டில் அன்றைக்கு பாத்தியில் −1.5, நிலையத்தில் 1, தெளிவு என்று எழுதினேன்.